விசாகப்பட்டினத்தில் ஒரு போணி

2001 ஆகஸ்ட் 17, வெள்ளிக்கிழமை, காலை மணி 10.20. மப்பு, காற்றே இல்லை, கழுத்தெல்லாம் கசகசப்பு. ராகு காலம் தொடங்கப் பத்தே நிமிடம். அதற்குள் இன்டர்நெட் கனெக்ட் ஆகவேண்டுமே என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னை ராயபுரத்தில் கப்பல்களுக்கும் லாஞ்சுகளுக்கும் கயிறு, மளிகை, கருவாடு சப்ளை செய்யும் கடை அது. நான் கணக்கு. முதலாளி அஞ்சலை அம்மா. நான் நச்சரித்ததால்தான் கம்ப்யூட்டர் வந்தது. அதுவும் ஒரு வார டிரயலில். "அடுத்த வெள்ளிக்குள்ள இதுல ஒரு போணி ஆவணும். இல்லாட்டி பொட்டியும் போவும், உன் பேச்சும் போவும்" என்று சொல்லியிருந்தார்.

கற்பூரம் காட்டி, மானிட்டருக்குப் பொட்டு வைத்து, மோடத்தைப் போட்டேன்.

"இன்னா நைனா, பூனை வாலப் புட்ச்சி இஸ்தா மாறி கத்துது?"

"லைன் சேருதும்மா."

சேர்ந்தது. ஒரே ஒரு மெயில். ஒரு சரக்குக் கப்பலின் கேப்டன், துறைமுக டைரக்டரியில் இருந்த கடைகளுக்கெல்லாம் ஒரேயடியாக அனுப்பியது. எங்கள் மெயில் முகவரியை அதில் நான் முன்கூட்டியே கொடுத்து வைத்திருந்தேன். எட்டுக் கிலோ நெத்திலிக் கருவாடு வேண்டும். கப்பல் நிற்பது விசாகப்பட்டினத்தில். ஞாயிறு மாலை கிளம்பிவிடும்.

"முடியாதுன்னு எழுதிடறேன்" என்றேன்.

அம்மா எழுந்து நின்றுவிட்டார். "போணிக்கு வந்தவன இல்லன்னு அனுப்புவியா? வெள்ளிக்கெயமை வேற!"

எங்கள் பக்கத்தில் முதல் வியாபாரத்தைத் தட்டமாட்டார்கள், பேரமும் பேசமாட்டார்கள்.

"அவன் எண்ணூறு கிலோமீட்டர் தள்ளி நிக்கிறாம்மா!"

"பொட்டிக்குள்ள வன்ட்டான்ல? கடைக்குள்ள வந்தா மாறிதான். குட்த்துட்டு வா."

"எண்ணூறு கிலோமீட்டர்..."

"ரயிலுதான இஸ்துகினு போவப் போது? நீயா இஸ்க்கப் போற?"

'கொண்டு வருகிறேன்' என்று கேப்டனுக்கு பதில் போட்டுவிட்டு, அன்று மாலையே சென்ட்ரலில் ரயில் ஏறினேன். கருவாட்டை நான்கு பாலிதீன் பை, ஒரு பிஸ்கட் டின், அதன் மேல் கோணி என்று கட்டியிருந்தேன். கூடூர் தாண்டுவதற்குள் என் சீட்டைச் சுற்றி ஏழு இடம் காலி. ஜெனரல் பெட்டியில் கால் நீட்டிப் படுத்துப்போனவன் அன்று நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

டி.டி.இ. மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "யோவ், என்னய்யா இது?"

"போணி சார்."

"போணி இந்த நாத்தமா நாறுது?" என்று சிரித்துக்கொண்டே நூறு ரூபாய் அபராதச் சீட்டு கிழித்தார்.

சனிக்கிழமை காலை துறைமுக வாசலில் காவலாளி பாஸ் கேட்டார். பாஸ் எங்கே இருக்கிறது? எதிரே ஒரு பிரௌசிங் சென்டர். டின்னை வெளியே வைக்கச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். 'உங்கள் கருவாடு முதல் வாசலில் நிற்கிறது' என்று கேப்டனுக்கு மெயில் அனுப்பினேன். கப்பலில் எப்போது மெயில் பார்ப்பார்களோ! ஞாயிறு தாண்டிவிட்டால் போணி இல்லை, பெட்டி இல்லை, என் பேச்சுக்கும் மதிப்பில்லை. வாசலுக்கும் சென்டருக்கும் பதினோரு முறை நடந்தேன்.

பன்னிரண்டாவது நடையில், உள்ளேயிருந்து வெள்ளை ஏப்ரனோடு ஒருவர் ஓடிவந்தார். கப்பல் சமையல்காரர்; தூத்துக்குடிக்காரர்.

"அண்ணாச்சி! முப்பது கடைக்கு மெயில் போட்டோம். ஒருத்தனும் பதிலே போடல. நீங்க பொருளோடயே வந்து நிக்கியளே!" டின்னைத் திறந்து முகர்ந்தார், கண் கலங்கிவிட்டது. "உள்ளூர்க் கடையில இருந்துதானே வாறிய?"

"ராயபுரத்திலிருந்து."

அவர் சிரித்த சிரிப்பில் காவலாளியும் சேர்ந்துகொண்டார். ஏனென்று தெரியாமல் நானும் சிரித்தேன். ரூ. 560-ஐ எண்ணிக் கொடுத்துவிட்டு, "அடுத்த மாசம் மெட்ராஸ் வாறோம். கப்பல் மளிகை மொத்தமும் உங்க கடையிலதான். கேப்டன்ட்ட நான் சொல்லுதேன்" என்றார்.

சொன்னபடியே வந்தார்கள். கம்ப்யூட்டர் கடையிலேயே தங்கிவிட்டது.

நான் ஊர் திரும்பிய அன்று, அந்த 560 ரூபாயை அம்மா மானிட்டர் மேல் வைத்துக் கும்பிட்டார். நான் செலவுக் கணக்கை நீட்டினேன்.

"போணி துட்டுல செலவு எய்துவியா? கண்ணு படும். மட்ச்சி வையி."

மடித்து வைத்தேன். மறுநாள் முதல் எங்கள் ஒவ்வொரு மெயிலின் முதல் வரியிலும் 'சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் மட்டும்' என்று சேர்த்தேன். இன்டர்நெட்டில் கடை திறப்பவர்களே, எதுவரை கொண்டுபோய்க் கொடுப்பீர்கள் என்பதை விலைக்கும் முன்னால் எழுதுங்கள்.

போக வர டிக்கெட் 268, அபராதம் 100, ஆட்டோ 60, சாப்பாடு 48, பிரௌசிங் 30, வாடை போக இரண்டு சோப்பு 19.50. ஆக மொத்தம், என் கையிலிருந்து ரூ. 525.50.