மவுஸின் வயிற்றில் சந்தனம்

எண்பதுகளின் கடைசியில், காட்டூர்ப் பக்கம் லாரி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். அதற்கு முன் ஆறு வருடம் அதே இடத்தில் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவன், எழுத்துப் பொத்தான் எங்கே இருந்தாலும் தட்டுவான் என்று மாற்றிவிட்டார்கள். தட்டத் தட்ட புரோகிராம் எழுதவும் பழகினேன்.

செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏ.சி., எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை. உறையை யாரும் கழற்றக் கூடாது என்பது எங்கள் அதிகாரியின் கட்டளை. அவர் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் ஒரே அச்சு: கறுப்புத் திரையில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள், வேண்டியதை அமுக்கு. எந்தச் சாமானின் இருப்பையும் எந்த மூலையிலிருந்தும் மாற்றலாம். மாற்றினார்கள். ஸ்டோர்ஸில் பேரிங் மைனஸ் பதினாலு இருப்பதாகக் கம்ப்யூட்டர் சொன்ன நாளும் உண்டு.

ஸ்டோர்ஸுக்குப் புது புரோகிராம் எழுதும் வேலை என்னிடம் வந்தபோது, கூடவே ஒரு மவுஸும், ஜெராக்ஸ் எடுத்த கையேடு ஒன்றும் வந்தன. ஆப்ஜெக்ட் வைத்துப் புரோகிராம் எழுதும் புது முறையைச் சொல்லும் கையேடு. ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறினால் காவிரிப் பாலத்துக்குள் ஒரு பக்கம் படிப்பேன். பாலம் தாண்டியதும் மறந்துவிடும். நாய் ஒரு ஆப்ஜெக்ட், அது குரைக்கும். பூனை ஒரு ஆப்ஜெக்ட், அது கத்தும் என்று எழுதியிருந்தது. இதற்கு எதற்குக் கம்ப்யூட்டர் என்று ஒரு மாதம் விழித்தேன்.

பிறகு ஒருநாள் ஸ்டோர்ஸ் பக்கம் போனபோது உறைத்தது. அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் ஓர் அட்டை தொங்கும். வந்தது, போனது, மிச்சம் எல்லாம் அதில்தான். அட்டை பெட்டியை விட்டு நகராது. அட்டையில் எழுதாமல் பெட்டியில் கை வைக்க முடியாது. சாமானும், அதை என்ன செய்யலாம் என்ற விதியும் ஒரே இடத்தில். ஆறு வருடம் நான் கயிறு கட்டித் தொங்கவிட்டதைத்தான் எவரோ புத்தகமாகப் போட்டிருக்கிறார். எனக்குத்தான் தகவல் வரவில்லை.

திரையில் ஸ்டோர்ஸ் பெட்டிகள் அடுக்கிய ரேக்கை வரைந்தேன். மவுஸை நகர்த்திப் பெட்டியின் மேல் அம்பைக் கொண்டுபோய் அமுக்கினால் அதன் அட்டை விரியும். அட்டை சம்மதித்தால்தான் எண்ணிக்கை மாறும்.

அதிகாரி பார்த்தார். "என்னங்க இது, கொலுப்படியா? நம்பர் அமுக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க சார். பேரிங்குக்குத்தான் கஷ்டமா இருக்கு."

விஷயம் மேனேஜரிடம் போனது. விஜயதசமியன்று எல்லார் முன்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடாவிட்டால் என் ரேக்கை அழித்துவிட்டு எண் பட்டியலே எழுத வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை. லேத்திலிருந்து ஸ்பானர் வரை சந்தனம், குங்குமம். புதுமையை நிலைநாட்டப் புறப்பட்ட நானும் என் மவுஸுக்கு வைத்தேன். மேலே உறை இருந்ததால் கவிழ்த்து வயிற்றில் வைத்தேன், தாராளமாக. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. நானும் தொடவில்லை.

மறுநாள் காலை, ஸ்டோர்ஸ் பொறுப்பாளரான பாய் மவுஸைப் பிடித்தார். என் வயசுக்காரர், பழைய சகா. அம்பு அசையவில்லை.

"சாமி, இது மூச்சே விடலையே."

"பூஜை பண்ணி வழியனுப்பி வச்சுட்டாரு," என்றார் அதிகாரி.

கவிழ்த்துப் பார்த்தேன். மவுஸை ஓட்டும் ரப்பர் உருண்டை வயிற்றில்தான் இருக்கும்; அதைச் சுற்றிச் சந்தனம் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது.

"யாரு வச்ச வேலை இது?" என்றார் மேனேஜர்.

"நான்தான் சார்."

உருண்டையின் மூடியைத் திறக்க விடாமல் உறையின் ஓரம் பிடித்திருந்தது; உறையைக் கிழித்தேன். "கம்பெனி சொத்துங்க அது," என்று அதிகாரி எழுந்தார். "சந்தனமும் கம்பெனி சொத்துதான் சார்," என்று சொல்லி உருண்டையை வெளியே எடுத்து, உள்ளே இருந்த குட்டி உருளைகளைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன்.

அம்பு நகர்ந்தது. பாய் ஒரு பெட்டியை அமுக்க, அட்டை விரிந்தது. இருபது பேரிங் இருந்த பெட்டியில் ஐந்நூறு கேட்டுப் பார்த்தார். அட்டை மறுத்தது. மறுபடி கேட்டார். மறுபடி மறுத்தது.

"நான்கூட இவ்வளவு கறாரா இருந்ததில்லை சாமி."

மேனேஜர் தலையாட்டினார். "சரி, இதையே வச்சுக்கலாம். உங்க ஆபீசர் மனசு நோகாம ஒரு ஓரத்துல அந்த நம்பர் லிஸ்டையும் போட்டுடுங்க."

"போட மாட்டேன் சார். அந்த ஓரத்து வழியாத்தான் மைனஸ் பதினாலு உள்ள வரும்."

அந்த அறையில் மேனேஜரிடம் அதுவரை யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. அவர் என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அப்ப உங்க அட்டையையும் மெஷினையும் தூக்கிட்டு ஸ்டோர்ஸுக்கே போயிடுங்க."

போனேன். முன்னேற்றம் என்ற பெயரில் புறப்பட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன். பாய் கிரீஸ் டின்களை ஒதுக்கி ஒரு மேஜை காலிசெய்து கொடுத்தார். ஏ.சி. கிடையாது, செருப்பைக் கழற்ற வேண்டியதும் இல்லை. மவுஸுக்கு உறை போடவில்லை. எண் பட்டியலும் போடவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன் மவுஸின் உருண்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வெறும் கூட்டின் வயிற்றில் சந்தனம் வைத்தேன், போன வருடத்தைவிடத் தாராளமாக.