இடது பக்கம் ஒடித்தால் நின்றுபோகும் வண்டி: பதினெட்டு வளைவில் ஒரு சனிக்கிழமை

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் பாதையில் உள்ள பதினெட்டு வளைவுக்கு மக்கள் வழக்கமாகக் காற்று வாங்கவும் படம் எடுக்கவும் வருவார்கள். நாங்கள் போனது எங்கள் மோட்டார் சைக்கிளுக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்க. போன ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. மறுநாள் மாலை பிலிமத்தலாவையிலிருந்து ஒருவர் வண்டியை விலைக்கு வாங்க வருவதாக இருந்தது. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் சாவியை அவரிடம் கொடுத்துவிடுவதாக என் மாமியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

வண்டியைப் பற்றி முதலில். பழைய பாணியில் செய்த வண்டி. உருண்டை ஹெட்லைட், உதைத்து ஸ்டார்ட் செய்யும் கிக்கர், நூறு மீற்றருக்கு முன்பே ஆளை அறிவிக்கும் சத்தம். என் சம்பளத்தில் சேர்த்து இரண்டாம் கையாக வாங்கினேன். ஓட்டுவதும் நான்தான். என் கணவர் ரமேஷ் தமிழ் வாத்தியார். பின்னால் உட்கார்ந்து இயற்கையை ரசிப்பார். நான் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை செய்கிறேன். ஊரார் சாமானில் எங்கே பழுது என்று கண்டுபிடிப்பது என் தொழில். சொந்த வண்டியின் பழுது மட்டும் மூன்று மாதமாகக் கண்ணில் படவில்லை.

ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று எஞ்சின் நிற்கும். ஓரமாகத் தள்ளிப்போய் ஒரு உதை உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். ஒரு கராஜில் பிளக்கை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் பெட்டரி என்றார்கள், அதையும் மாற்றினோம். மூன்றாமவர் கார்புரேட்டரைக் கழுவினார். யானையைத் தடவிப் பார்த்த குருடர்கள் கதைதான், யானை மட்டும் அப்படியே நின்றது.

கடைசியாக நின்றது கண்டி குட்செட் பஸ் நிலையத்துக்குள் திரும்பும்போது. பின்னால் வந்த பஸ் பிரேக் போட்டு, என் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. ரமேஷ் அதை வீட்டில் அப்படியே ஒப்புவித்துவிட்டார். அன்றிரவு மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுபவர், சாப்பிடவில்லை. மறுநாள் காலை வண்டியை விற்கச் சொல்லிவிட்டார்.

அத்தை எங்களோடு கட்டுகஸ்தோட்டையில் இருக்கிறார். அவர்கள் கோயிலுக்குப் போகிறவர்கள், நான் தேவாலயத்துக்குப் போகிறவள். கல்யாணம் பேசும்போது என்னை ‘வேதக்காரப் பொண்ணு’ என்று குறிப்பிட்டது என் காதுக்கும் வந்தது. அதன்பிறகு சண்டை ஒன்றும் இல்லை, ஆனால் பேச்சு அளந்துதான். நாலைந்து மாதத்துக்கு முன் திடீரென்று நான் பிறந்த நேரத்தைக் கேட்டார். தெரியாது என்றதும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். மருமகள் வண்டி ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை, என்னையுமே பிடிக்கவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன். அதனால் வண்டியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமே வரவில்லை.

காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், குறடு, வயரில் சுற்றும் கறுப்பு டேப், தண்ணீர். ஆயிரத்து எண்ணூறு ரூபாவுக்குப் பெற்றோல் அடித்தோம். போய்வரத் தாராளமாகப் போதும். பல்லேகல, திகன வரை பாதை அகலம். தெல்தெனிய தாண்டியதும் விக்டோரியா நீர்த்தேக்கம் வலப்பக்கம் விட்டு விட்டுத் தெரியும். ஹுன்னஸ்கிரிய ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீற்றர். அங்கே பிளேன்டீ இரண்டும் ரொட்டியும் முந்நூறு ரூபா. ஜாக்கெட் இல்லாமல் வருகிறவர்கள் அந்தக் கடையில் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

டீ குடிக்கும்போது, தொழிற்சாலையில் நாங்கள் முதலில் கேட்கும் கேள்வியை ரமேஷிடம் கேட்டேன். பழுது தொடங்குவதற்குச் சற்று முன் என்ன மாறியது? ஹெட்லைட் பல்பு போய்ப் புதிது போட்டது மட்டும்தான் என்றார். போட்டது அவரேதான், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில். பல்புக்கும் எஞ்சின் நிற்பதற்கும் என்ன சம்பந்தம் என்று அவரே கேட்டு, அவரே டீயை வேகமாகக் குடித்து முடித்தார். எனக்கும் சம்பந்தம் தெரியவில்லை.

வளைவுகள் எங்கள் மீற்றரில் ஐம்பத்தாறாவது கிலோமீற்றரில் தொடங்கின. பெயர்தான் பதினெட்டு, பாதையை அகலமாக்கிய பிறகு ஒன்று குறைந்துவிட்டது என்கிறார்கள். கண்டிப் பக்கமிருந்து போனால் எல்லாம் இறக்கம். முதல் கூரான இடது வளைவிலேயே எஞ்சின் நின்றது. அடுத்தது வலது, ஒன்றும் ஆகவில்லை. அதற்கடுத்த இடதில் மறுபடியும் நின்றது. இந்த முறை இறங்குவதற்கு முன் ஒன்றைக் கவனித்தேன். ஹெட்லைட் எரிந்துகொண்டே இருந்தது. ஹோன் அடித்தேன், அடித்தது. பெட்டரியில் பிழை இருந்தால் இவை இரண்டும் சேர்ந்தே போயிருக்க வேண்டும். புதுப் பெட்டரிக்குக் கொடுத்த காசை நினைத்து வயிறு எரிந்தாலும், எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி வந்துவிட்டது. துப்பு கிடைத்துவிட்டது.

கீழே சோளம் அவித்து விற்கும் ஒரு அக்கா கடை போட்டிருந்தார். அங்கே அகலமான இடத்தில் வண்டியை நிறுத்தினேன். சோளம் ஒன்று நூற்றைம்பது ரூபா. நாங்கள் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்திருந்த அவர், அந்த வளைவில் காவல் தெய்வம் உண்டு, காசு போடாமல் வந்தால் வண்டி நிற்கும் என்று சிங்களத்தில் சொன்னார். ரமேஷ் உடனே சட்டைப் பையைத் தடவினார். எனக்கும் ஒரு கணம் யோசனைதான். ஆனால் தெய்வம் இடது வலது பார்க்காதே.

எஞ்சினை ஓடவிட்டு, நின்ற இடத்திலேயே ஹேண்டிலை வலப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். ஓடியது. இடப்பக்கம் முழுதாகத் திருப்பினேன். நின்றது. ஐந்து தடவை செய்தேன், ஐந்து தடவையும் அதேதான். வீட்டு வாசலில் செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்ய ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் வந்திருக்கிறோம் என்று ரமேஷ் சொன்னார். அதை மறுக்க முடியவில்லை. ஆனால் இரண்டு இடது வளைவில் அடுத்தடுத்து நிற்காவிட்டால் எனக்கு அந்த யோசனையே வந்திருக்காது. ஊருக்குள் நின்றபோதெல்லாம், மெதுவாகப் போனதால் நின்றது என்றே நினைத்தேன்.

என் வண்டியில் எஞ்சினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் செய்வது ஒரே வேலை. ஒரு வயரை வண்டியின் இரும்போடு தொடவைக்கும். தொட்டால் பிளக்கில் பொறி வராது, எஞ்சின் நிற்கும். லைட்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே, நான் சுவிட்சைத் தொடாமலே அந்த வயர் எங்கோ இரும்பைத் தொடுகிறது. சுவிட்சைப் பிரித்துப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது. அங்கிருந்து வயர் நேரே ஹெட்லைட் கிண்ணத்துக்குள் போகிறது. இந்தப் பாணி வண்டிகளில் பாதி வயர்கள் அந்தக் கிண்ணத்துக்குள்தான் குடியிருக்கின்றன. ஹேண்டிலைத் திருப்பும்போது அவை அங்கே இழுபடும்.

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் ரமேஷ் குனிந்து, “லைட்டுதான் நல்லா எரியுதே, அத ஏன் கழட்டுற?” என்றார். நல்லா எரிவதால்தான் சந்தேகம் என்றேன். மழை வரும்போல இருக்கிறது, வீட்டில் போய்ப் பார்க்கலாமே என்றார். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

மூடியைக் கழற்றினேன். கலர் கலராய் வயர்கள், நடுவே மஞ்சள் நூல் சுற்றிய ஒரு செப்புத் தகடு. இரண்டு விரல் அகலம் இருக்கும். சூட்டில் நூல் கருகி அறுந்து, தகடு கிண்ணத்தின் இரும்பில் சாய்ந்து கிடந்தது. அதன் விளிம்பு அந்தச் சுவிட்ச் வயரின் தோலை உரசி உரசிக் கிழித்திருந்தது. இடது பக்கம் திருப்பும்போது வயர் தகட்டில் பட, தகடு இரும்பில் பட, எஞ்சின் நின்றிருக்கிறது.

தகட்டில் கட்டங்களும் எழுத்துகளும் கீறியிருந்தன. கீழே தமிழில் ஸ்டெல்லா என்று இருந்தது. அது என் பெயர்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மூன்று மாதம், ஒரு பெட்டரி, பின்சக்கரத்தை முட்ட வந்த ஒரு பஸ். ரமேஷ் மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் வண்டி வாங்கிய நாளிலிருந்தே அத்தை பயந்துகொண்டிருந்தாராம். கோயிலில் சொல்லித் தகடு எழுதி வாங்கியிருக்கிறார். நட்சத்திரம் தெரியாததால் பெயரை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறார். பல்பு மாற்றிய அன்று அதை உள்ளே வைக்கச் சொல்லி மகனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எஞ்சின் நிற்பதற்கு அது காரணம் என்று இருவருக்கும் தெரியாது. “நீ வேதக்காரப் பொண்ணு, வேணாம்னு சொல்லிருவியோன்னு அம்மா பயந்தாங்க” என்றார்.

அத்தை என் பிறந்த நேரத்தை ஏன் கேட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. என்னைப் பிடிக்காதவர் என்று நான் முடிவு கட்டியிருந்த ஒருவர், எனக்காகச் சாமியிடம் போய் நின்றிருக்கிறார். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

கிழிந்த வயரில் டேப் சுற்றி, தகட்டை எடுத்து ஜாக்கெட் பையில் போட்டேன். வேலை கால் மணி நேரம்கூட இல்லை. கடைசி வளைவு வரை இறங்கி, திரும்ப எல்லா வளைவையும் ஏறினோம். எந்த இடதிலும் நிற்கவில்லை. ரமேஷ் சோளக்கார அக்காவுக்குக் கை காட்டினார். காசும் போட்டாரா என்று நான் கேட்கவில்லை.

இதே மாதிரி வண்டியோடு இந்தப் பாதைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது: எஞ்சின் நின்றால் உடனே உதைக்காதீர்கள், முதலில் லைட்டும் ஹோனும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பெட்டரிக்குக் காசு கொடுக்க வேண்டாம். பிறகு நிறுத்திய இடத்தில் ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு டேப் இருநூறு ரூபாவுக்குள் கிடைக்கும், பையில் இருக்கட்டும். பகல் இரண்டுக்கு முன் வளைவுகளை ஏறிவிடுங்கள், அதன்பின் மலையில் பனி இறங்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டிக்குள் யாராவது எதையாவது வைத்தார்களா என்று வீட்டில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாலரைக்கு வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் ரமேஷ், அம்மாவிடம் சொல்லாதே, மனம் உடைந்துவிடும் என்று காதருகே கெஞ்சிக்கொண்டே வந்தார். நான் நேரே போய்த் தகட்டை எடுத்து அத்தை முன்னால் வைத்தேன். வண்டி நின்றது எதனால் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் கருகிய நூலைத் தடவிப் பார்த்தார்.

“வீசலியா?” என்று கேட்டார்.

“என் பேர் போட்டத எப்படி அத்தை வீசுறது?”

அத்தை ரமேஷைக் கூப்பிட்டு, பிலிமத்தலாவைக்காரருக்குப் போன் போட்டு நாளைக்கு வர வேண்டாமென்று சொல்லச் சொன்னார். நூல் டப்பாவைத் தேடி எடுத்து, தகட்டில் புது மஞ்சள் நூலைச் சுற்றி, என் கையில் வைத்தார். இனி இதை வண்டியில் எங்கே வைப்பது என்று கேட்டேன்.

“வண்டியில எதுக்கு? நீயே வச்சுக்க. வண்டி பேரையா நான் எழுதச் சொன்னேன்?” என்றார்.