பதினொரு சென்டிமீட்டர்

கொட்டச்சேட்டுக்கு வந்து மாதம்மாள் வீடு எது என்று கேட்டால், "யாருங்க, இன்னொருக்கா மாதம்மாவா?" என்று சிரித்துக்கொண்டே வழி காட்டுவார்கள். கடையில் ரவிக்கைத் துணியைக் கிழிக்கும் முன் இன்னொருக்கா அளக்கச் சொல்வாள். எஸ்டேட்டில் காப்பிப் பழத்தை எடை போட்டால் முள்ளை நம்பாமல் இன்னொருக்கா வைக்கச் சொல்வாள். உலையில் ஊற்றிய தண்ணீரைக்கூட இரண்டாம் முறை விரல் விட்டுப் பார்ப்பாள். ஊரோடு சேர்ந்து நானும் பல தடவை சிரித்திருக்கிறேன். எனக்குச் சிரிக்க யோக்கியதை கிடையாது. அது ஊருக்குத் தெரியாது.

என் பெயர் இன்பமேரி. செவ்வாய்க்கிழமை தோறும் இந்த ஊருக்கு வரும் நர்ஸ். என் அப்பா பக்கத்து எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். மாதம்மாள் வீட்டில் மலைச்சரிவில் கொஞ்சம் சாமை, கொஞ்சம் ராகி, நாலைந்து பலா மரம். இருவரும் ஏற்காட்டில் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தோம். காலையில் ஒரே பஸ். அப்போது என்னை மேரி என்பாள், கோபம் வந்தால் ஏண்டி மேரி என்பாள். இப்போது நர்சம்மா என்கிறாள், வாங்க போங்க என்கிறாள். எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன், அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

நாங்கள் பத்தாவது எழுதியது 1984இல். அந்த வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா பள்ளிக்கு வந்து, நர்ஸ் பயிற்சிக்கு மலைப் பெண்களுக்கென்று மூன்று இடம் இருக்கிறது, பத்தாவது பாஸ் செய்தால் போதும், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாதம்மாள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அதற்கு முந்தைய வருஷம்தான் அவளுடைய அக்காளைப் பிரசவ வலியோடு கம்பளியில் கட்டி மூங்கிலில் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ் வரும் ரோட்டை எட்டுவதற்குள் குழந்தை போய்விட்டது. ஊரில் விவரம் தெரிந்த ஒருத்தி இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னாராம். அந்த ஒருத்தி நான்தான் என்று மாதம்மாள் பஸ்ஸில் வைத்து என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு வெட்கமே இல்லை.

தடை ஒன்றே ஒன்றுதான். கணக்கு. எங்கள் இருவருக்கும் அது சுத்தமாக வராது. எங்களைப் போன்றவர்களைக் கரையேற்ற தேவசிகாமணி சார் ஒரு வழி வைத்திருந்தார்.

"கண்ணுங்களா, அல்ஜீப்ரா வரலைன்னா போவுது. வட்ட நாற்கரம் பத்து, வரைபடம் பத்து. இந்த இருபதக் கையில புடிச்சுட்டுத்தான் உள்ள போகோணும். மிச்சம் பதினஞ்ச அங்க இங்க பொறுக்கிக்கலாம்."

முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். சார் இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். தப்பாகப் போட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. ஸ்கேலை வைத்து நேராக இரண்டு கோடு இழுத்து அடித்துவிட வேண்டும். அதுதான் திருத்துகிறவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை. நான் எதை மறந்தாலும் மாதம்மாள் மறக்க மாட்டாள்.

மூன்று மாதம் அவள் வட்ட நாற்கரம் வரைந்தாள். நோட்டுத் தீர்ந்துபோய் எஸ்டேட் ஆபீஸின் பழைய காகிதங்களை என் அப்பாவிடம் வாங்கிப் பின்பக்கத்தில் வரைந்தாள். அவளுடைய காம்பஸில் திருகாணி தேய்ந்திருந்தது. கால் நழுவாமல் இருக்க அதில் நூல் சுற்றி வைத்திருந்தாள். அந்தக் காம்பஸை வைத்துக்கொண்டு அவள் போட்ட வட்டத்தில் நாலு மூலையும் மயிரிழை பிசகாமல் உட்காரும். அந்தப் பத்து மதிப்பெண் அவள் பையில் விழுந்தாயிற்று என்று சாரே சொன்னார்.

கணக்குப் பரீட்சை அன்று காப்பி பூத்திருந்தது. ஹாலுக்குள் வரைக்கும் அந்த வாசனை வந்தது. வினாத்தாளில் வட்ட நாற்கரம் இருந்தது. அடிப்பக்கம் ஆறு சென்டிமீட்டர். அடுத்த பக்கம் நாலு. மூலைவிட்டம் பதினொன்று.

ஆறு சென்டிமீட்டரில் கோடு போட்டு, ஒரு முனையிலிருந்து பதினொன்றுக்கு ஒரு வில், மறு முனையிலிருந்து நாலுக்கு ஒரு வில் வரைய வேண்டும். இரண்டும் தொட்டால்தான் மேற்கொண்டு எதுவும் நடக்கும். தொடவில்லை. நடுவில் ஒரு சென்டிமீட்டர் பல்லை இளித்துக்கொண்டு நின்றது. நான் யோசிக்கக்கூட இல்லை. ரப்பரால் அழித்துவிட்டு மூலைவிட்டத்தை ஒன்பதாகப் போட்டேன், தொட்டுவிட்டது. பக்கத்தில் பதினொன்று என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனேன். வினா தப்பு என்று கண்டுபிடித்த புத்திசாலித்தனம் இல்லை, வெறும் சோம்பேறித்தனம்.

இரண்டு வரிசை முன்னால் மாதம்மாள் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நூலைப் பிரித்து மறுபடி சுற்றினாள். மூன்று தடவை வரைந்தாள், நான்கு தடவை வரைந்தாள். காம்பஸ் முனை குத்திக் குத்தித் தாள் ஓட்டையாகிவிட்டது. கடைசியில் எழுந்து நின்றாள்.

"சார், வில்லு தொடமாட்டீங்குதுங்க."

மேற்பார்வைக்கு வந்தவர் வினாத்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பேசாம உக்காரும்மா. தாள்ல இருக்கறதப் போடு," என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அதிலேயே போயிற்று. பிறகு அவள் ஸ்கேலை எடுத்து வைத்து நேராக இரண்டு கோடு இழுப்பதைப் பார்த்தேன். வரைபடத்துக்கு வந்தபோது நேரம் முடியப்போகிறது என்று எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் வந்து கேட்டாள். "மேரி, உனக்கு நாற்கரம் வந்துச்சா?"

"வந்துச்சே."

"வில்லு தொட்டுச்சா?"

"தொட்டுச்சு. ஏன், உனக்குத் தொடலியா?"

அவளைவிட ஒரு விஷயத்திலாவது நான் மேலாக இருந்தது அன்றைக்குத்தான். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. மாதம்மாள் தன் வலது கையை விரித்து ஒரு நோயாளியின் கையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த வாரம் முடிவு வந்தது. எனக்குக் கணக்கில் முப்பத்தாறு. மாதம்மாளுக்கு இருபத்தேழு. சான்றிதழ் வாங்க நான் பள்ளிக்குப் போன அன்று தேவசிகாமணி சார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். தர்மபுரிப் பக்கம் மாற்றல், மறுநாள் கிளம்புகிறார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அந்தக் கணக்கே தப்பு கண்ணு. ஆறும் நாலும் பத்து. பத்து எப்படிப் பதினொண்ண எட்டும்? நான் திருத்தப் போயிருந்தேன், ரெண்டாம் நாளே உத்தரவு வந்துருச்சு. முயற்சி பண்ணினவங்களுக்கு எல்லாம் பத்தும் போடச் சொல்லிட்டாங்க. ஒரு கோடு இழுத்து வெச்சிருந்தாலும் பத்து. அடிச்சிருந்தா மட்டும் இல்ல. மாதம்மா என்ன பண்ணினா?"

"அடிச்சுட்டா சார்."

"நாந்தானே அடிக்கச் சொல்லிக் குடுத்தேன்," என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட இன்னைக்கே சொல்லிரு கண்ணு. சேலத்துக்குப் போயி மனுக் குடுக்கச் சொல்லு. பதினஞ்சு நாளுதான் கெடு."

வீட்டுக்குப் போகும் வழியில் நானும் ஒரு கணக்குப் போட்டேன். அந்தப் பத்தை எடுத்துவிட்டால் எனக்கு இருபத்தாறு. மாதம்மாளைவிட ஒன்று குறைவு.

அன்று சாயங்காலமே அவளைத் தேடிப் போனேன், பொய் சொல்லவில்லை. சாமைக்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள். "உனக்குத் தொட்டுச்சே மேரி. எனக்குக் கை கோணலு. எங்கப்பன் அப்பவே சொல்லுச்சு, இதெல்லாம் நமக்கு ஆவாதுன்னு."

சார் சொன்னதை நான் சொன்னால் எனக்கு எப்படித் தொட்டது என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று திரும்பிவிட்டேன். நாளை நாளை என்று பதினைந்து நாளும் போயின. மனு கொடுத்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? அடித்ததை யாரும் திருத்திக் கொடுத்திருக்க மாட்டார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் தப்பு தாளில்தான், உன் கையில் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தெரிவிக்க எனக்கு எந்த ஆபீசும் தேவைப்பட்டிருக்காது. சின்ன வயசு என்று யாரும் என்னை மன்னிக்க வேண்டாம். செய்வது துரோகம் என்று புரிகிற வயசுதான் அது.

மூன்று இடத்தில் ஒன்று எனக்குக் கிடைத்தது. இன்னொன்று வெள்ளக்கடை ஊர்ப் பெண் ஒருத்திக்கு. மூன்றாவது இடத்துக்குப் பாஸ் செய்த ஆள் இல்லாமல் காலியாகவே போயிற்று. நான் சேலத்தில் பயிற்சியில் இருந்தபோது மாதம்மாள் அக்டோபரில் ஒரு தடவை, மறு மார்ச்சில் ஒரு தடவை எழுதினாள். முதலில் முப்பது, அடுத்தது இருபத்தெட்டு. அதற்குப் பிறகு அங்கப்பனுக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். அங்கப்பன் நல்ல மனுஷன், குடிக்க மாட்டான். இருந்தாலும் உடம்புக்கு முடியாத அவனுக்கும் சேர்த்து அவள்தான் எஸ்டேட் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. ஏணியில் ஏறி மிளகு பறிப்பது, காப்பிப் பழம் எடுப்பது.

பத்து வரை படித்தவள் என்று என் அப்பா அவளுக்குக் காப்பி நாற்று நடக் குழி அளக்கும் வேலை கொடுக்கப் பார்த்தார். கயிற்றைப் பிடித்து ஆறடிக்கு ஆறடி குச்சி நட வேண்டும், அவ்வளவுதான். நிழலில் நிற்கிற வேலை, கூலியும் கூட. "எனக்கு அளவு வராதுங்க, வேற ஆளப் பாருங்க," என்று சொல்லிவிட்டாளாம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது அப்பா இதைச் சொல்லி, என்ன பெண்ணோ என்று அலுத்துக்கொண்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து, 1994 மே மாதம், திருவிழாக் கூட்டத்தில் தேவசிகாமணி சாரைப் பார்த்தேன். ஓய்வு பெற்றிருந்தார். தலை முழுக்க நரைத்து, நடை தளர்ந்து போயிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டதும் நலம்கூட விசாரிக்காமல் கேட்டார்.

"கண்ணு, மாதம்மா மனுப் போட்டாளா?"

"போட்டா சார். ஒண்ணும் ஆகல."

"போட்டாளா?" என்று பெருமூச்சு விட்டார். "அப்பவாவது வெவரம் தெரிஞ்சுக்கிட்டா. அது போதும்."

அந்த மனுஷர் என் பொய்யை நம்பி நிம்மதியாகப் போனார். எனக்குத்தான் அதன் பிறகு தாங்கவில்லை. அப்படியும் வாய் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

ஜூன் கடைசிச் செவ்வாய்க்கிழமை. தடுப்பூசிக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் போன பிறகு மாதம்மாள் சத்து மாத்திரை வாங்க வந்தாள். உட்காரச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். நான் ஒன்பது போட்டுப் பதினொன்று என்று எழுதியது, சார் சொல்லி அனுப்பியது, நான் சொல்லாமல் விட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"அப்ப, நான் போட்டது செரிங்களா?" என்று கேட்டாள்.

"செரிதான் மாதம்மா. அது யாரு போட்டாலும் தொடாது."

உதட்டுக்குள் கூட்டிப் பார்த்தாள். "ஆறும் நாலும் பத்து."

"ஆமா."

"அக்டோபர்ல நொம்ப சுளுவா வந்துச்சுங்க," என்றாள். "மொதத் தடவையே தொட்டுருச்சு. எங்கையில அத்தன சுளுவா வந்தா எங்கியோ தப்பிருக்கும்னு அடிச்சுட்டேனுங்க. திருப்பிப் போட்டன், அப்பவும் தொட்டுச்சு. அதையும் அடிச்சுட்டேன்."

"மார்ச்சுலயா?"

"மார்ச்சுலயும் அப்படித்தானுங்க."

நான் அழுதேன். அவள் அழவில்லை. மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏனுங்க நர்சம்மா, இப்ப எழுதிப் பாஸ் பண்ணினா அந்தப் பயிற்சிக்கு எடுத்துக்குவாங்களா?"

"இருபத்தேழு வயசு வரைக்குந்தான் மாதம்மா," என்றேன். "உனக்கு இந்த ஒண்ணாந்தேதியோட முடிஞ்சிருச்சு."

"செரிங்க," என்று எழுந்தாள். மழை இருட்டிக்கொண்டு வருது, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க என்று என்னையே அவசரப்படுத்திவிட்டு வேலைக்குப் போனாள்.

பள்ளியில் எங்களைச் சேர்த்த வாத்தியார் இருவருக்கும் ஒரே பிறந்த தேதியைத்தான் எழுதினார், ஜூன் ஒன்று. அவள் வயது எனக்கு விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. நர்ஸ் பயிற்சிக்கு வயது வரம்பு போட்ட சுற்றறிக்கையை வருஷா வருஷம் ஊசி போடும் இந்த அறைச் சுவரில் ஒட்டுகிறவளும் நான்தான். ஒன்பது வருஷம் ஒட்டினேன். உண்மையைச் சொல்வதற்கு, அது அவளுக்கு உதவாமல் போகிற வரைக்கும் காத்திருந்திருக்கிறேன்.