காற்று நிற்க வேண்டும் என்று கேட்டேன்

ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பெண்கள், ஒரே சாமியிடம், ஒன்றுக்கொன்று எதிரானதைக் கேட்டால் சாமி யாருக்குக் கொடுப்பார்? இதற்கு எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அய்யனார் என் கணவரின் உயிரைக் காப்பாற்றினார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் சொல்லும்போது தலையை நிமிர்த்த முடியவில்லை.

எங்களுக்கு மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. என் கணவர் அதைத் தன் அம்மாவின், அதாவது என் அத்தையின், பொறுப்பில் விட்டுவிட்டு விமானம் ஓட்டப் படிக்கிறார். இதே கடற்கரையோரம் வேறு ஊரில் தங்கியிருக்கிறார். அவர் பழகுவது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய சின்ன விமானம். அதே ஓடுபாதையில் பெரிய பயணிகள் விமானங்களும் இறங்கும்.

ஒருநாள் போனில், "இன்னைக்குக் காத்து செம ஆட்டு ஆட்டிடுச்சு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதுகூட, காற்றில் விமானங்கள் தடுமாறி இறங்கும் வீடியோக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கக் கூடாது என்று தெரியும். பார்த்தேன். ஜன்னல் கதவு அடித்துக்கொண்டாலே ஓடிப்போய்க் கொக்கி போடுவேன்.

இந்தச் சித்திரைக் கடைசியில் அவர் தனியாக நீண்ட தூரம் ஓட்டிவிட்டுத் திரும்ப வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயிலுக்குப் போனேன். கண்ணை மூடி ஒன்றே ஒன்றைக் கேட்டேன். நாளைக்குக் காற்று அடிக்கக் கூடாது, ஒரு இலைகூட அசையக் கூடாது. நிறுத்தினால் உனக்கு ஒரு மண் குதிரை வைக்கிறேன். குதிரை செய்பவரைப் பார்த்து அன்றைக்கே சொல்லியும் வைத்தேன்.

உப்பளக்காரர் வீட்டு மருமகள் கேட்கக்கூடிய வேண்டுதலா இது? வெயிலும் காற்றும் சேர்ந்தால்தான் பாத்தியில் உப்பு விளையும். வருஷத்தில் இந்தச் சில மாதங்கள்தான் எங்களுக்குப் பிழைப்பு. அது தெரிந்தேதான் கேட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் காற்று நின்றது.

அத்தைக்குச் சோறு எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனேன். பாத்தித் தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது. அத்தை வரப்பில் நின்று புலம்பிக்கொண்டிருந்தார்.

"என்னாம்மா இது? ராத்திரி பூரா அடிச்ச காத்து எங்க போய்த் தொலஞ்சுது?"

உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா நிமிர்ந்து, "எவளோ வேண்டிக்கிட்டு கட்டிப் போட்டுட்டா போலக்குது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அய்யனார் என் பேச்சைக் கேட்டுவிட்டார்.

அத்தை சாப்பிட உட்காரவில்லை. தெற்கே, கோயில் இருக்கும் திசையில் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யனாரே, தூங்குறியா? எழுந்து காத்த அவுத்து வுடு. உன்னத்தான் நம்பிக்கிட்டு இருக்கறோம்."

அவர் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் என் முந்தானை அசைந்தது. பிறகு தண்ணீரில் அலை வரி வரியாக ஓடியது. அங்கிருந்தவர்கள் எல்லாம் உற்சாகமானார்கள். நான் போனை எடுத்தேன். என் கணவர் இறங்கும் நேரம் அது. கூப்பிட்டுப் பார்த்தேன், போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கொடுத்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டாயே என்று சாமியைத் திட்டினேன். பாப்பா அழுதாள், அவளைக்கூடத் தூக்கவில்லை. அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் அத்தை முகத்தில் விழிப்பதில்லை என்றுகூட நினைத்தேன். மகன் பறப்பது தெரிந்தும் காற்று கேட்ட தாய் என்று மனசுக்குள் ஏசினேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அத்தையும் பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"டேய், சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா. இன்னைக்குக் கொஞ்சம் பயந்துட்டேன்."

"காத்தா?" என்று கேட்டேன்.

"காத்து இருந்திருந்தாத் தேவலையே. எனக்கு முன்னாடி ஒரு பெரிய ப்ளேன் இறங்குச்சு. அதோட ரெண்டு றெக்கை நுனியிலேர்ந்தும் காத்து சுருண்டுக்கிட்டுப் பின்னாடி வரும். கண்ணுக்குத் தெரியாது. சின்ன ப்ளேன் அதுல மாட்டுனா அப்பிடியே புரட்டிப் போட்டுடும். காத்து நல்லா அடிச்சா அந்தச் சுழலை ஒதுக்கித் தள்ளிட்டுப் போயிடும், கலைச்சிடும். காத்தே இல்லன்னா ரொம்ப நேரம் அங்கியே கெடக்கும். இன்னைக்குச் சுத்தமா காத்து இல்ல. அதான் வினை."

அவர் சொல்லிக்கொண்டே போனார்.

"ஏர்போர்ட் டவர்ல இருந்த மேடம் என்னை உடனே இறங்க விடல. இன்னொரு ரவுண்டு சுத்திட்டு வான்னாங்க. வழக்கமா வுடற இடைவெளிய விட அதிகம். எனக்கு ஒரே கடுப்பு. அப்புறந்தான் சொன்னாங்க, காத்து பாக்கறதுக்குக் கட்டியிருக்கற துணிக்குழாய் தொங்கிப்போனதைப் பாத்துட்டுத்தான் சுத்த வுட்டாங்களாம். அவ்ளோ நேரம் கழிச்சு வந்தும் ஒரு பக்கத்து றெக்கை பொசுக்குனு கீழ போயிடுச்சு. நல்லவேளை, உயரத்துல இருந்தேன். நிமித்தி மேல ஏத்திட்டேன். மொதல்லியே இறங்கியிருந்தா பேசிக்கிட்டு இருக்க மாட்டேன். ரெண்டாவது தடவ வர்றதுக்குள்ள நல்லா காத்து கெளம்பிடுச்சு. அலுங்காம இறங்கிட்டேன்."

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப நான் கேட்ட காத்துதான்டா உன்ன இறக்குச்சு. வரப்புல நின்னு அய்யனாரை ஒரு சத்தம் போட்டேன்."

"நீ உப்புக்குத்தானம்மா கேட்டே?"

"எதுக்குக் கேட்டா என்னாடா? குடுத்தாரில்ல?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும் நேத்துப் புத்துப்பட்டு போயிட்டு வந்தியே. என்னாம்மா வேண்டிக்கிட்ட?"

"அவரு நல்லபடியா இறங்கணும்னுதான் அத்தை."

அத்தை என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். அந்தக் கை பட்ட இடம் இன்னமும் கூசுகிறது.

நான் இயற்பியல் படித்தவள். காலையில் நிலத்துக் காற்று அடங்கி, கடல் காற்று கிளம்புவதற்கு நடுவில் கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கும் அவ்வளவுதான் என்று சில நேரம் தேற்றிக்கொள்கிறேன். ஆனால் அப்படி நினைத்தால் அய்யனார் செய்ததையும் இல்லை என்று சொன்னதாகிவிடும். அதற்கு மனம் வரவில்லை. அந்த மேடத்தின் கண்ணை அந்தத் துணிக்குழாய் மேல் திருப்பியது அவர்தான் என்று நம்புகிறேன். அப்படியென்றால் அதைத் தொங்கவிட்டது யார் வேண்டுதல்? அங்கே வந்து நின்றுவிடுகிறேன்.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. இப்போதெல்லாம் சாமிக்கு நான் வழி சொல்லிக் கொடுப்பதில்லை. இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரித்துச் சொல்வதில்லை. என் கணவர் பெயரைச் சொல்கிறேன், பாப்பா பெயரைச் சொல்கிறேன், பெயர் தெரியாத அந்த மேடத்தையும் நினைத்துக்கொள்கிறேன். அதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜன்னல் கதவு அடித்துக்கொண்டால் கொக்கி போடாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பயந்த மனசோடு இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் உங்களுக்கும் அதையே சொல்வேன். பயத்தை அய்யனார் காலடியில் வையுங்கள். எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்த மாதம் என் கணவர் விடுமுறையில் வருகிறார். குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்க வேண்டும் என்று அத்தை சொல்லிவிட்டார். நேற்று குதிரை செய்பவர் போன் செய்தார். "சுட்டு எடுத்தாச்சும்மா, நல்லா வந்திருக்குது. எப்ப வந்து எடுத்துக்கறீங்க?" என்று கேட்டார். சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட எனக்குப் பயம். ஆனால் அந்தக் குதிரை, காற்றை நிறுத்தியதற்காக நேர்ந்துகொண்டது. என் கணவரைக் கொல்லப் பார்த்த ஒன்றுக்கு அய்யனாரிடம் போய் எப்படி நன்றி சொல்வேன்? அத்தை பக்கத்தில் நின்று, எதற்கம்மா குதிரை என்று கேட்டால் இன்னொரு பொய்யா?

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குதிரையை வைக்கலாமா? வைப்பதற்கு முன் அத்தையிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா? அவருக்கு எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை இங்கே எழுதினேன். அதற்கும் சேர்த்துத்தான் வெட்கப்படுகிறேன்.