மூன்றாவது வளைவில் கிடந்த பாறை

பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே கிடையாது. ஓவர்சீயராக எனக்குக் கிடைத்த முதல் வேலையோ, அசைய மறுத்த ஒரு பாறை.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்குச் சாலை போட்டுக்கொண்டிருந்த காலம். மூன்றாவது வளைவில், சாலையின் குறுக்கே, மாட்டுவண்டி அளவுக்கு ஒரு பாறை கிடந்தது. பக்கத்தில் அப்போதுதான் கட்டி முடித்த தடுப்புச் சுவர் இருந்ததால் வெடி வைக்க முடியாது. கடப்பாரையால் நெம்பி, மலைப்பக்கம் கல்லெடுத்த பள்ளத்தில் தள்ள வேண்டும். அதற்கென்று இருபது பேர் புதிதாக வந்தார்கள். பாதிப்பேர் அடிவாரத்துக்காரர்கள், கல் வேலை தெரிந்தவர்கள். மீதிப்பேர் ஆலத்தூர் நாட்டிலிருந்து இறங்கி வந்த மலைக்காரர்கள், சாமையும் மரவள்ளியும் பயிர் செய்கிறவர்கள். இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

திங்கட்கிழமை இன்ஜினீயர் வந்தார். "சனிக்கிழமை என் ஜீப் இந்த வளைவைத் தாண்டணும். தாண்டலைன்னா கூட்டத்தைக் கலைச்சுடுவேன். உங்களையும் சேர்த்துத்தான்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு நாள் மாரடித்தோம். மேஸ்திரி அடிவாரத்துக்காரர், கணீரென்ற குரல். அவர் பாட்டெடுத்து "ஐலசா" என்றதும் எல்லாரும் நெம்புவார்கள். பாறை ஒரு விரற்கடை எழும், எழுந்த வேகத்தில் திரும்ப உட்கார்ந்துகொள்ளும். நான் தொண்டை வறளக் கத்தினேன். கத்தினால் பாறை நகரும் என்று நம்பிய வயது அது.

புதன்கிழமை காலை ஒரு கடப்பாரை வழுக்கி ஒருவருடைய கால் கட்டைவிரல் நசுங்கியது. அவ்வளவுதான், இரண்டு தரப்பும் எகிறிக்கொண்டு வந்தன.

"ஏனுங்க, இவுங்க சும்மா கடப்பாரையப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. பாரம் பூரா எங்க மேலதான்" என்றார் மேஸ்திரி.

மண் சுமக்க வந்திருந்த மலைக்காரப் பெண் ஒருத்தி கூடையைத் தொப்பென்று கீழே போட்டாள். "இல்லீங்க சாமி. நாங்க தள்றப்பத்தான் அவுங்க கையத் தளர்த்திக்கறாங்க. மூணு நாளாப் பாத்துக்கிட்டுத்தான இருக்கறேன்."

இரண்டு பேரும் புளுகுகிறார்கள் என்று இரண்டு பேரையும் திட்டித் தீர்த்தேன். அப்புறம், களியை உருட்டி வாயில் போடும்போது சட்டென்று உறைத்தது. இரண்டு பேரும் சொல்வது உண்மையாக இருந்தால்? தூக்குப் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நானே ஒரு கடப்பாரையைப் பிடித்து நடுவில் நின்றேன். மேஸ்திரி குரல் கொடுத்தார். இடப்பக்கம் நின்ற அடிவாரத்துக்காரர் குரலோடு சேர்ந்தே நெம்பினார். வலப்பக்கம் நின்ற மலைக்காரர் குரல் கேட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்தார். குரல் ஓய்ந்த பிறகுதான் நெம்பினார். மலைச்சரிவில் மரம் இழுக்கும்போது அவர்களுக்கு அதுதான் பழக்கமாம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாளும் பாறையை இருபது பேர் தள்ளவே இல்லை. பத்துப் பேர் தள்ளி ஓய்ந்த பிறகு இன்னொரு பத்துப் பேர் தள்ளியிருக்கிறார்கள்!

யாரும் பாறையைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். ஓரத்தில் வெட்டிக் கிடந்த அடிமரத்தைப் புரட்டச் சொன்னேன். ஒரு அடிவாரத்துக்காரர், பக்கத்தில் ஒரு மலைக்காரர் என்று மாற்றி மாற்றி நிறுத்தினேன். யாருடைய வழக்கத்தை யார் ஏற்பது என்று மறுபடியும் முறைப்பு. மரக்கிளையில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தோம், அதுதான் எங்கள் வேலைமணி. அந்தப் பெண் அதைக் காட்டினாள்.

"அவுங்க பாடட்டும், நம்மாளுங்க மூச்சுப் புடிக்கட்டும். நான் இதை அடிக்கறேன். அடி விழுந்ததும் எல்லாருந் தள்ளுங்க."

"பாறைய உட்டுப்போட்டு வெறகுக்கட்டையோட வெளையாடறமுங்க" என்று மேஸ்திரி முணுமுணுத்தார். அரை நாள் அந்த மரத்தோடு போயிற்று. ஆனால் பொழுது சாய்வதற்குள் 'டங்' என்ற அடிக்கு மரம் துள்ளிப் புரண்டது. மேஸ்திரி ஒரு மலைக்காரரிடம் வெற்றிலைப் பையை நீட்டினார்.

வியாழக்கிழமை பாறைக்குத் திரும்பினோம். பாட்டு, மூச்சு, டங்! பாறை எழுந்து நின்றது, அடியில் கட்டை கொடுத்தோம். மறுபடி டங்! வெயில் ஏறுவதற்குள் அது உருண்டுபோய்ப் பள்ளத்தில் விழுந்தது. ஓவர்சீயர் குதிக்கலாமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. குதித்தேன்.

சனிக்கிழமை ஜீப் வளைவைத் தாண்டி நின்றது. இன்ஜினீயர் இறங்கிப் பார்த்தார். "பிரமாதம். அஞ்சாவது வளைவுலயும் இதே மாதிரி ஒண்ணு கிடக்கு, புது ஆளுங்க வராங்க. மேஸ்திரியையும் இவங்கள்ல பாதிப்பேரையும் அங்கே அனுப்பிடுங்க" என்றார்.

கூட்டம் கலையக்கூடாது என்றுதானே இந்தப் பாடு! எனக்கு ஆத்திரம் பொங்கியது. வாதாடிப் பார்த்தேன், ஜீப் போய்விட்டது.

திங்கட்கிழமை அவர்களைக் கொண்டுபோய் விட நானே நடந்தேன். ஐந்தாவது வளைவில் புதியவர்கள் பாறையைச் சுற்றிக் கடப்பாரைகளோடு நின்றிருந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள், ஓரத்தில் கிடந்த ஒரு அடிமரத்தைக் காட்டி மேஸ்திரி முந்திக்கொண்டார்.

"பாறையத் தொடாதீங்க! மொதல்ல அந்தக் கட்டையப் பொரட்டுவோம், வாங்க."

கூடவே வந்த அந்தப் பெண் மண்கூடையை இறக்கினாள். உள்ளே எங்கள் தண்டவாளத் துண்டு இருந்தது. கேட்காமல் கொள்ளாமல் கழற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

நான் மூன்றாவது வளைவுக்கு இறங்கி வந்தேன். மேலேயிருந்து டங், டங் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் எங்கள் பத்துப் பேரும் கைவேலையை விட்டு நிமிர்ந்தார்கள். உச்சிவேளையில் ஒரு டங், அதன் பின்னால் பாறை உருளும் சத்தம். எங்கள் பாறை விழ நாலு நாள் ஆனது, அவர்களுக்கு அரை நாள்!

"ஐலசா!" என்று எங்கள் ஆட்கள் கீழேயிருந்தே கூவினார்கள். முதலில் கூவியவர்கள் மலைக்காரர்கள்.