லிஸ்ட் அக்கா எடுத்த பெயர்

பதினோரு வருடமாக அவள் ஒரு தனியார் ஜெட் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறியதில்லை. வாடிக்கையாளரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் விமானங்களில் ஊழியர்கள் தொற்றிக்கொண்டு போய் வருவது அங்கே சகஜம்தான். அவளையும் பலமுறை கூப்பிட்டார்கள். மேலே போகப் பயமாக இருக்கிறது என்று ஒதுங்கிக்கொள்வாள். லிஃப்ட் பழுது பார்க்கும் அவள் கணவர், "ஊரையே மேல அனுப்பிட்டு நீ மட்டும் தரையில உக்காந்துக்க" என்று கேலி செய்வார்.

ஊரை மேலே அனுப்புவதுதான் அவள் வேலை. எந்த விமானத்தை எந்தப் பைலட் எத்தனை மணிக்கு ஓட்டுவது என்று பட்டியல் போடுபவள் அவள். வரவேற்பு மேசையில் சேர்ந்தவளை, ஞாபகசக்தி பலே என்று பட்டியல் அறைக்கு மாற்றினார்கள். யாருடைய பிள்ளைக்குப் பரீட்சை, யாருக்கு இடுப்புப் பிடிப்பு, எந்த இருவரை ஒரே விமானத்தில் போட்டால் மூன்று மணி நேரமும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தலை நரைத்த கேப்டன்கள்கூட அவளை 'லிஸ்ட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

முதல் எட்டு வருடம் நிம்மதியாகவே போயிற்று. பிறகு பெரிய விமானக் கம்பெனிகள் சம்பளத்தை ஏற்றிக்கொண்டே போயின. இங்கே அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். முப்பத்திரண்டு பைலட்டுகள் பத்தொன்பது ஆனார்கள். விமானங்கள் என்னவோ அதே எட்டுதான். காலையில் போன் மணி அடித்தால், காய்ச்சல் என்று சொன்னால் பரவாயில்லை, ராஜினாமா என்று சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் எடுப்பாள்.

அந்த நிலைமையில்தான் கடலோர ஊரில் இருந்த பேஸை மூடினார்கள். பேஸ் என்பது பைலட் வேலையைத் தொடங்கி முடிக்கிற ஊர். வீட்டை அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அவர்கள் குடும்பம் நடத்துவார்கள். கடலோர ஊரில் வேர்விட்டிருந்த ஐந்து பேரை, இனிமேல் தலைமை அலுவலக ஊருக்கு வந்து வேலையைத் தொடங்குங்கள், வந்து போவது உங்கள் பாடு என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வழிக்கு நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டும். ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே பத்து மணி நேர ஓய்வு கட்டாயம் என்று விதி இருந்தது. அந்தப் பத்து மணி நேரத்தில் எட்டு மணி நேரம் சாலையில் கழிந்தாலும் காகிதத்தில் அது ஓய்வுதான்.

அந்த ஐவரில் ஒருவருக்கு 'சரிங்க கேப்டன்' என்று பெயர். என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். மனைவிக்குப் பிரசவமாகி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. இங்கே அறை எடுத்துத் தங்காமல் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு ஓடினார். இது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு சாயங்காலம் இன்னொரு கேப்டன் முதுகு வலியால் படுத்துவிட, மறுநாள் காலை ஒன்பது மணிப் பயணத்துக்கு வேறு நாதி இல்லை. மாலை ஆறரைக்குத்தான் வேலை முடித்துக் கிளம்பியிருந்த அவரையே போனில் கூப்பிட்டாள். ஒரு கணம் தயங்கிவிட்டு அவர் வழக்கம்போல "சரிங்க" என்றார். போனை வைத்த பிறகும் அந்த ஒரு கணம் அவளை அரித்தது.

மறுநாள் எட்டு மணி ஆகியும் அவர் மேலே வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் அவருடைய கார் நின்றிருந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அவள் படியிறங்கிப் போனாள்.

கார் இரண்டு கோடுகளுக்கும் குறுக்கே நின்றிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கிடந்தார். ஒரு கை மடியில் உள்ளங்கை மேலே தெரிய விழுந்திருந்தது. கண்ணாடியைத் தட்டினாள். பலமாகத் தட்டினாள். கை அசையவில்லை. ஆள் போய்விட்டார், நான்தான் கூப்பிட்டேன், நான்தான் கொன்றேன் என்று மனம் அலறியது. வாயிலிலிருந்து ஓடி வந்த காவலாளி காரின் கூரையில் ஓங்கி அறைந்தார், மூன்று முறை.

கேப்டன் தலையைத் தூக்கினார். கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்த்ததாகத் தெரியவில்லை. கண்ணாடியை இறக்கி, நிதானமான குரலில் கேட்டார்: "இறங்கிட்டோமா?"

விமானத்தில் இருப்பதாக நினைக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ரெண்டு நிமிஷம் அசந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். பொத்தான் துளைக்குள் போகாமல் விரல்கள் வழுக்கின.

மேலே காத்திருப்பு அறையில் வாடிக்கையாளர் குடும்பம் உட்கார்ந்திருந்தது: ஒருவர், அவர் மனைவி, போர்வையை இழுத்துக்கொண்டு திரியும் ஒரு குழந்தை. அவருடைய அப்பாவுக்கு அன்று மத்தியானம் அறுவை சிகிச்சை, அதற்குள் போய்ச் சேர வேண்டும். அவள் அவர்களைத் தாண்டித் தன் மேசைக்குப் போனாள். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே பட்டியலைத் திறந்து கேப்டனின் பெயரை எடுத்தாள். அந்த இடம் காலியாக நின்றது. அதில் போட அவளிடம் வேறு பெயர் இல்லை. அப்படியே சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்து நிமிடத்தில் மேனேஜர் வந்து நின்றார். அவர் கெட்டவரில்லை. மேலிடத்துக்குப் பயந்து பயந்தே வழுக்கை விழுந்தவர்.

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"யாரையும் கேக்கல சார்."

"அவர் ஃபிட்டா இருக்கேன்னு சொல்றார். ரெக்கார்டுல ரெஸ்ட் சரியா இருக்கு. உனக்கு என்ன வந்துச்சு?"

கண்டதைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டாரா என்று தெரியவில்லை. வாடிக்கையாளரிடம் நீயே போய்ச் சொல் என்று விரலைக் காட்டினார். அவள் போனாள். எந்திரக் கோளாறு என்று சொல்லிவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்தாள். கிட்டப் போனதும் குழந்தை அவளை அண்ணாந்து பார்த்தது. பைலட் வர முடியாது, பயணம் தாமதமாகும் என்றாள்.

"பைலட்டுக்கு என்ன?" என்று கேட்டார் அந்த மனிதர்.

"தூங்கல சார்."

அவர் முகம் சிவந்தது. அப்பாவை நினைத்தாரோ என்னவோ, எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார். வேறு பேஸிலிருந்து ஆள் வரவழைத்து விமானம் கிளம்பியபோது மணி மூன்று. அறுவை சிகிச்சைக்கு முன்னால் அவரால் அப்பாவைப் பார்க்க முடியவில்லை. பெரியவர் பிழைத்துக்கொண்டார் என்று அந்த விமானத்தில் போன துணை பைலட் சொல்லித் தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஆனால் அவள் கதை அத்தோடு முடியவில்லை. எச்சரித்து, விளக்கம் கேட்டுக் கம்பெனி கடிதம் கொடுத்தது. கேப்டன் அவளை வராந்தாவில் மறித்து, குரலை உயர்த்தாமல், "என் வயித்துல அடிச்சிட்டீங்க அக்கா" என்றார். தூங்கி விழுகிறவன் என்று பெயர் வந்தால் இந்த வேலையும் போகும், வேறு கம்பெனியும் எடுக்காது என்று அவருக்குப் பயம். தான் நன்றாக ஓய்வெடுத்திருந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஒப்பந்த வேலையில் இருந்த காவலாளியோ, தானும் பிள்ளைகுட்டிக்காரன், தன்னை இழுக்க வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சினார். அவளால் அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை. சாட்சி என்று பார்த்தால் அவள் ஒருத்திதான்.

மூன்று வாரம் அவள் செத்துப் பிழைத்தாள். பட்டியலில் ஒவ்வொரு பெயரைப் போடும்போதும் இந்த ஆள் நேற்று எங்கே படுத்தார் என்று மனம் துருவியது. திரையில் விமானத்தின் சின்னப் புள்ளி நகர்ந்து தரைக்கு வரும்வரை தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள். வேலையை விட்டுவிடு என்றார் கணவர், கேலி எதுவும் இல்லாமல்.

"நான் வந்துட்டா அந்த நாற்காலியில வேற யாராச்சும் உக்காருவாங்க. அவங்க கீழ இறங்கிப் போய்ப் பாக்கலேன்னா?" என்றாள் அவள்.

விசாரணை நாளில் மேசைக்கு அந்தப் பக்கம் மேனேஜரோடு சேர்த்து மூன்று பேர் இருந்தார்கள். இந்தப் பக்கம் அவளையும் கேப்டனையும் ஒரு நாற்காலி இடைவெளிவிட்டு உட்கார வைத்தார்கள். அவள் எழுதிக் கொடுத்ததை ஒருவர் சத்தமாகப் படித்தார். கேப்டன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'இறங்கிட்டோமா என்று கேட்டார்' என்ற வரி வந்ததும் நிமிர்ந்தார். அவளை நேராகப் பார்த்தார்.

"நான் அப்படியா கேட்டேன்?"

"ஆமா கேப்டன்."

அவர் மறுக்கப்போகிறார், தன் வேலை போகப்போகிறது என்று அவள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் கடைசியில், அந்த மூவரையும் பார்த்து. "காரை அங்க கொண்டு வந்து நிறுத்தினதும் ஞாபகம் இல்ல. நெடுஞ்சாலையில பாலம் ஒண்ணு வரும், அதுவரைக்கும்தான் நினைவு இருக்கு. அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் யார் ஓட்டினாங்கன்னு எனக்குத் தெரியல."

மேனேஜர் மெல்ல மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். முன்பு எழுதிக் கொடுத்தது பொய், வேலைக்குப் பயந்து எழுதினேன் என்றும் கேப்டன் சொன்னார்.

அதன் பிறகு கடலோர ஊர்க்காரர்களுக்கு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்க அறை கொடுத்தார்கள். கார் ஓட்டி வரும் நேரமும் வேலை நேரத்தில் சேர்ந்தது. சம்பளம் மட்டும் அசையவில்லை. மேனேஜரைக் கேட்காமல் பெயரை எடுத்ததற்காக அவளுக்குக் கொடுத்த எச்சரிக்கைக் கடிதத்தைத் திரும்பப் பெறவும் இல்லை. கோப்பில் அது இன்னும் இருக்கிறது. சரிங்க கேப்டன் நாலு மாதத்தில் ஒரு பெரிய விமானக் கம்பெனிக்குப் போனார், சொந்த ஊர் பேஸ் கிடைத்தது. போகும்போது குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து அவளிடம் காட்டினார்.

இன்று அங்கே பதினான்கு பைலட்டுகள் இருக்கிறார்கள். அவளுக்குப் பயம் விட்டுப்போகவில்லை. போன வாரம் ஒரு நாள் பட்டியலில் ஆறு பயணங்கள், நாலுக்குத்தான் ஆள் தேறியது. மீதி இரண்டையும் காலியாகவே விட்டு மேனேஜரிடம் நீட்டினாள். அவர் காலி இடங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.