விமானத்தின் பக்கம் திரும்பிய கேமரா

பல் டாக்டருக்கு எதற்கு ட்ரோன் என்று என் மனைவி கேட்டபோது, நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பவன் வேறு எதையாவது பார்க்க வேண்டாமா என்று சொன்னேன். அதில் பொய்யில்லை. சாந்தோமில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து அதை ஏற்றினால் மாதா கோயில் கோபுரம், பட்டினப்பாக்கம் கரையில் வரிசையாக நிற்கும் ஃபைபர் படகுகள், அடையாறு கடலோடு சேரும் இடத்து மணல்திட்டு எல்லாம் என் கையிலிருக்கும் திரைக்குள் வந்துவிடும். அந்த அரைமணி நேரத்தில் எனக்கு வயதே தெரியாது.

விதிகள் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பகுதியில் முன் அனுமதி இல்லாமல் ஏற்றக் கூடாது. அனுமதி இருந்தாலும் நூற்றிருபது மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆள் இருக்கும் விமானம் வந்தால் வழிவிட வேண்டியது நாம்தான். ட்ரோன் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில், புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இதையெல்லாம் நீளமாக எழுதிப் போடுகிறவனே நான்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஏழரை மணிப் பூசைக்குப் போவதற்கு முன்னால் மாடிக்கு ஏறினேன். அனுமதி இல்லை என்று திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. எப்போதும்போல அதைத் தொட்டுத் தள்ளிவிட்டு மேலே ஏற்றினேன். நூற்றெண்பது மீட்டர். கழிமுகத்தின் மேல் வெயில் விழ ஆரம்பித்திருந்தது.

அப்போது தெற்கிலிருந்து, கரையை ஒட்டி, ஒரு சிறிய வெள்ளை விமானம் தாழ்வாக வந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. பிறகு திரையின் ஓரத்தில் அதன் இறக்கை தெரிந்தது. என் கட்டைவிரல் உடனே ட்ரோனைக் கீழே இறக்கியிருக்க வேண்டும். நான் கேமராவைத் திருப்பினேன். கீழே பொன்னிறத் தண்ணீர், மேலே வெள்ளை விமானம். அப்படி ஒரு காட்சி என் வாழ்நாளில் இன்னொரு முறை கிடைக்காது என்று தோன்றியது. விமானம் திரை முழுக்கப் பெரிதாகி, சட்டென்று கடல் பக்கம் செங்குத்தாகச் சாய்ந்து விலகிப் போனது. அதற்குப் பிறகுதான் இறக்கினேன். பூசைக்குப் போவதற்குள் அந்தக் காட்சியை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். அழிக்கவில்லை.

மறுநாள் காலை கிளினிக்கில் முதல் நோயாளியாக ஒருவர் வந்தார். எங்கள் மாதா கோயில் பங்குப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியையின் கணவர், சைதாப்பேட்டைக்காரர். அந்த அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் நான்தான் பல் பார்ப்பது. இவர் வந்தது அதுவே முதல் தடவை. மேலுதடு வீங்கி, முன்பல் பாதியாக உடைந்திருந்தது.

"எப்படி ஆச்சு? வண்டியிலேர்ந்து விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர், பிளேன்ல." அந்த வீக்கத்தோடும் அவருக்குச் சிரிப்பு வந்தது. "கடற்கரை அரிப்பை அளக்கிற சர்வே கம்பெனில கீறேன். கேமரா பாத்துக்கிறது என் வேலை. கேபிள் லூசா இருக்குன்னு பெல்ட்டைத் தளர்த்திட்டு ஸ்கிரீன் பக்கம் குனிஞ்சிக்கினு இருந்தேன். பைலட் மேடம் திடீர்னு வண்டிய ஒரு சாய்ப்பு சாய்ச்சாங்க பாரு, வாய் நேரா ஸ்கிரீன் மேல."

"எங்கே?" என்று கேட்டேன். எனக்குத் தெரியும்.

"இதோ, அடையாறு கடல்ல கலக்குற எடம். ஏதோ எதிர்ல வந்துச்சாம்."

வாயைத் திறக்கச் சொன்னேன். நரம்பு வெளியே தெரிந்தது. ஊசி போட்டு, வேரைச் சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்தேன். அவ்வளவு நேரமும் அவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிக்கையாகப் படுத்திருந்தார். வலிக்கிறதா என்று வழக்கத்தைவிட நாலு தடவை அதிகமாகக் கேட்டேன். போகும்போது, "கையே வச்ச மாதிரி தெரில டாக்டர்" என்று கும்பிட்டார்.

அன்று மாலை வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், கழிமுகத்துப் பக்கம் ஏதோ ட்ரோன் விமானத்துக்குக் குறுக்கே போனதாமே, நம்ம ஆளா என்று கேட்டிருந்தார். 'நம் குழுவில் அப்படிப் பொறுப்பில்லாதவர் யாரும் இல்லை' என்று பதில் எழுதினேன். பதினாறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

அடுத்த வாரம் அவர் இரண்டாம் முறை வந்தபோது முகம் வாடியிருந்தது.

"மேடத்தை நிறுத்தி வச்சிருக்காங்க டாக்டர். வந்தது ட்ரோன்தான், அதோட நாலு கை தெரிஞ்சுதுன்னு அவங்க சொல்றாங்க. ஆபீஸ்ல ஒருத்தனும் நம்பல. பறவையப் பாத்து பயந்து வண்டிய ஒடிச்சிட்டாங்கன்றான். என்னையும் கேட்டாங்க. நான் ஸ்கிரீனைப் பாத்துக்கினு இருந்தேன், தெரியாதுன்னுட்டேன். பொய் சொல்ல முடியாதுல்ல?"

"முடியாதுதான்," என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஞாயிறு பூசையில், பாவத்தை மறைத்துவைத்துக்கொண்டு நற்கருணை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை. "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்று மனைவி காதருகில் கேட்டாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் முறை அவர் வந்தபோது உடைந்த பல்லுக்குத் தற்காலிக கேப் ஒன்றைப் பொருத்தினேன். முடித்ததும் நாற்காலியை நிமிர்த்தி, கையுறையைக் கழற்றினேன்.

"அது ட்ரோன்தாங்க. என்னோடது. வீடியோ இருக்கு."

அவர் வாய் கொப்பளித்துத் துப்பினார். கண்ணாடித் தம்ளரை மெதுவாக வைத்தார். என்னைப் பார்க்காமல், "மொத நாளே தெரியுமா?" என்றார்.

"தெரியும்."

"ரெண்டு வாரமா மேடம் வூட்ல குந்திக்கினு கீறாங்க டாக்டர்."

தேனாம்பேட்டையில் இருந்த அவர்கள் அலுவலகத்துக்கு மறுநாள் வரச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த விமானி நாற்பது வயதிருக்கும் பெண். மடிக்கணினியில் வீடியோவைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் பார்த்தார். ஏதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். மறுபடி முதலிலிருந்து ஓட்டி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்கே கேமரா எங்க பக்கம் திரும்புது. காத்துல திரும்பிச்சா, நீங்க திருப்பினீங்களா?"

காற்று என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான் திருப்பினேன்."

"ஏன்?"

"பார்க்க அழகா இருந்துச்சு."

அறையில் இருந்த மேலாளர் தொண்டையைச் செருமினார். விமானி மறுபடி ஓட்டி, மேசையில் விரலால் தட்டி எண்ணினார். "மூணு செகண்ட். இதுல நீங்க கீழ இறக்கியிருந்தா நான் நேரா போயிருப்பேன். நான் சாய்க்காம விட்டிருந்தா, இன்ஜின்லயோ கண்ணாடியிலயோ ட்ரோனை வாங்கியிருப்போம். கீழ படகுல ஆளுங்க இருந்தாங்க." குரல் உயரவே இல்லை. குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தருவது போல இருந்தது. "வீடியோ கொண்டுவந்ததுக்கு நன்றின்னு சொல்ல மனசு வரல. தப்பா எடுத்துக்காதீங்க."

அன்று மாலையே காவல் நிலையத்துக்குப் போனேன். ட்ரோனை வாங்கி வைத்துக்கொண்டு வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. அந்த இரவு சாப்பாட்டின்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் வாய்க்குள்ள கைய விட்டுக்கிட்டே எப்படிங்க சும்மா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். வாட்ஸ்அப் குழுவிலும் நடந்ததை எழுதினேன். இந்த முறை ஒரு கட்டைவிரலும் உயரவில்லை. விமானி ஒரு வாரத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

நிரந்தர கேப் லேபிலிருந்து வந்த அன்று சைதாப்பேட்டைக்காரருக்கு போன் செய்தேன். வந்தார், ஆனால் நாற்காலிப் பக்கம் போகவில்லை.

"எக்ஸ்ரே குடுத்துடுங்க டாக்டர். வேற எடத்துல பாத்துக்குறேன்."

"கோபம் இருக்கும்தான்..."

"கோவம்லாம் இல்ல. உங்க முன்னாடி வாயத் தொறந்துக்கினு படுக்க முடில. அவ்ளோதான்."

எக்ஸ்ரேவையும் கேப்பையும் உறையில் போட்டேன். அடையாறில் நான் மதிக்கும் ஒரு டாக்டருக்கு, இதுவரை செய்த சிகிச்சையை விவரித்துக் கடிதம் எழுதினேன். அவர் நின்றபடியே உறையை வாங்கி, கடிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு படியிறங்கினார். வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிட எனக்கு வெகுநேரம் ஆயிற்று.